பேர் கேக்குறது எதுக்கு?

வீடியோ கேம் ஆடுறவங்க கவனிச்சிருப்பீங்க. ஆரம்பத்துலயே உங்க பேரை டைப் பண்ணச் சொல்லும். அப்புறம் கதையில யாரும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க.

காரணம், வசனம் எல்லாம் முன்கூட்டியே பேசிப் பதிவு செய்தது. நீங்க என்ன பேர் வைப்பீங்கனு குரல் கொடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

அதனால ஸ்கைரிம் (2011) கேமில் எல்லோரும் 'டிராகன்பார்ன்'தான். ஃபால்அவுட் 4 (2015) கேமில் ஒரு ரோபோ உங்க பேரைச் சொல்றதுக்காகவே 900க்கும் மேற்பட்ட பேர்களைப் பதிவு செய்தாங்க. அதுல இல்லாத பேர்னா வெறும் 'சார்', 'மேடம்'.

எங்க ஆலத்தியூர் பக்கம் இந்தச் சிக்கலே இல்லை. அண்ணே, தம்பி, ஆயானு பேர் தெரியாமலே ஆயுசுக்கும் பேசிடலாம்.

ஆனா ஆஸ்பத்திரியில அது ஆபத்து. "செல்விதானே ஆயா?"னு கேட்டா, காது கேக்காத ஆயாவும் தலையாட்டும். ஆள் மாறி ரத்தம் ஏத்தினா உயிரே போகலாம்.

அதனாலதான் "உங்க பேர் என்ன?"னு கேட்டு, உங்க வாயால சொல்ல வைக்கிறோம். பேரோட இன்னொரு அடையாளமும் பார்க்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2007லயே சொல்லியிருக்கு.

திரும்பத் திரும்பக் கேட்டா கோவிச்சுக்காதீங்க. யாரும் கேக்கலைன்னா, ஊசி போடுறதுக்கு முன்னாடி நீங்களே பேரைச் சொல்லிடுங்க.