கோட்டில் அமராத புள்ளி

ஒரே பொருளை இருமுறை அளந்தால் இருவேறு விடைகள் கிடைப்பது இயல்பு. கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், அளப்பவனின் கண்ணும் கையும் மனிதனுடையவை அன்றோ! ஆகவே அளவுகளைத் திரட்டுவதோடு அறிவியலாரின் பணி முடிவதில்லை. அவ்வளவுகளினூடே மறைந்துள்ள ஒழுங்கு யாது, எந்தக் கணிதத் தொடர்பு அதனை உண்மையாக எடுத்துரைக்கும் எனத் தெளிவதே கடினமான பணி.

நம் பிள்ளைகள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதனைச் சிறிய அளவில் செய்கிறார்கள். சுருள்வில்லொன்றில் எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, வில் நீளும் அளவை வரைபடத்தாளில் புள்ளிகளாகக் குறிக்கிறார்கள். எடை கூடும் அதே விகிதத்தில் நீட்சியும் கூடும் என்பது விதி. எனவே புள்ளிகள் நேர்கோட்டில் அமைதல் வேண்டும். ஆனால் அவை கோட்டின் இருமருங்கிலும் சிறிது விலகியே நிற்கும்.

எம் பங்கைச் சேர்ந்த மாணவன் ஒருவன் தன் செய்முறைப் பதிவேட்டுடன் ஒருநாள் மாலை என்னிடம் வந்தான். "சாமி, எல்லாப் புள்ளியும் சரியாக வருகிறது. கடைசிப் புள்ளி மட்டும் கோட்டில் சேரவில்லை. அதை அழித்துவிட்டால் முழு மதிப்பெண் கிடைக்கும் என்கிறார்கள். அழித்துவிடட்டுமா?" என்றான். அவனுக்கு விடையாக, ரோஜர் போஸ்கோவிச் என்னும் இயேசு சபைக் குருவின் வரலாற்றைக் கூறினேன்.

1711ஆம் ஆண்டு துப்ரோவ்னிக் நகரில் பிறந்த இவர் தேர்ந்த கணித வல்லுநர். அக்காலத்தில் பூமியின் வடிவம் குறித்துப் பெரும் வழக்கு நிலவியது. பூமி துருவங்களில் சற்றே அமுங்கியது என்றார் நியூட்டன். துருவங்களை நோக்கி நீண்டது என்றனர் பிரான்சின் காசினி குடும்பத்தார். வழக்கைத் தீர்க்க வழி, தெற்கு வடக்காக ஒரு பாகையின் நீளத்தைப் பல இடங்களில் அளப்பதே. அமுங்கிய பூமியாயின், துருவத்தை நெருங்க நெருங்க அந்நீளம் கூடும். திருத்தந்தை 14ஆம் பெனடிக்டின் ஆணைப்படி, போஸ்கோவிச்சும் கிறிஸ்டபர் மேர் என்னும் ஆங்கிலேய இயேசு சபைக் குருவும் 1750 முதல் ஈராண்டுகள் மலைகளைக் கடந்து, உரோமை முதல் ரிமினி வரை அளந்தனர்.

பிற நாட்டினரின் அளவுகளையும் சேர்த்து அவர் கையில் ஐந்து எண்கள் இருந்தன. துவாஸ் என்னும் பிரெஞ்சு அளவில் ஒரு பாகையின் நீளம் கீட்டோ அருகே 56,751, நன்னம்பிக்கை முனையில் 57,037, உரோமை அருகே 56,979, பாரிசில் 57,074, லாப்லாந்தில் 57,422. ஒரு துவாஸ் ஏறத்தாழ 1.95 மீட்டர்.

இவ்வைந்து புள்ளிகளையும் தொட்டுச் செல்லுமாறு வளைந்து நெளிந்த கோடு ஒன்றை வரைந்துவிடலாம். ஆனால் அது பிழைகளையும் உண்மையென ஏற்றுக்கொள்ளும் கோடாகும். புதிதாக எதையும் கற்பிக்காது. போஸ்கோவிச் அவ்வாறு செய்யவில்லை. பூமி நீள்வட்ட வடிவினதாயின், பாகையின் நீளம் அட்சரேகைக் கோணத்தின் சைன் மதிப்பினது வர்க்கத்திற்கேற்பக் கூடும் என்று இயற்பியல் கூறியது. அந்தச் சார்பையே அவர் தேர்ந்தார். நிலநடுக்கோட்டில் பாகையின் நீளம் எவ்வளவு, அது எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்னும் இரண்டே எண்களைக் காணவேண்டியிருந்தது.

இரண்டு எண்களைக் காண இரண்டு அளவுகள் போதும். ஐந்திலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கப் பத்து வழிகள் உண்டு; பத்து வழிகளும் பத்து விடைகளைத் தந்தன! கீட்டோவும் லாப்லாந்தும் கூறியபடி பூமியின் அமுக்கம் ஏறத்தாழ 213இல் ஒரு பங்கு. நன்னம்பிக்கை முனையும் உரோமையும் கூறியபடியோ பூமி அமுங்கவே இல்லை, மாறாக நீண்டிருந்தது. விரும்பிய இரண்டை வைத்துக்கொண்டு ஏனையவற்றை ஒதுக்கியிருந்தால், விரும்பிய விடையைப் பெற்றிருக்கலாம்.

அவரோ எல்லா அளவுகளையும் ஏற்றார். இரண்டு நியதிகளை வகுத்தார். கோட்டிற்கு மேலுள்ள விலகல்களின் கூட்டுத்தொகையும் கீழுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமமாதல் வேண்டும். அனைத்து விலகல்களையும் கூட்டினால் வரும் தொகை இயன்றவரை சிறியதாதல் வேண்டும். 1757இல் முடிவை வெளியிட்டு, 1760இல் முறையை விளக்கினார். லெஜாந்தர் 1805இல் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறைக்கு இது அரை நூற்றாண்டு முற்பட்டது.

அந்தக் கோட்டிலிருந்து உரோமையின் அளவு 90 துவாசுக்கும் மேலாக விலகி நின்றது. வேறெந்த அளவும் அதைவிட விலகவில்லை. ஈராண்டுகள் தாமே உழைத்துப் பெற்ற அளவு அது! ஆயினும் அதற்கெனக் கோட்டை அவர் வளைக்கவில்லை. அந்த எண்ணை மறைக்கவும் இல்லை. அவர் கண்ட விடை 248இல் ஒரு பங்கு. இன்று நாம் அறிந்தது ஏறத்தாழ 298இல் ஒரு பங்கு.

நன்னம்பிக்கை முனையின் அளவும் கோட்டிற்கு மேலே தனித்து நின்றதல்லவா? அடுத்த நூற்றாண்டில் அங்கே மீண்டும் அளந்தபோது காரணம் புலனாயிற்று. அருகிலிருந்த மலைகளின் ஈர்ப்பு தூக்குநூலைச் சற்றே தம்பால் இழுத்திருந்தது. அப்புள்ளியை அன்றே அழித்திருந்தால், மலை சொன்ன செய்தி யார் செவிக்கும் எட்டியிராது.

"அழிக்காதே, மறுபடி அளந்து பார்," என்றேன் மாணவனிடம். "மீண்டும் அவ்வாறே வருமாயின், உன் வில் மீட்சி எல்லையைக் கடந்திருக்கலாம். அளவுக்கு மீறி இழுத்த வில் விதியை விட்டு விலகும். உன் பதிவேட்டில் புதிதாகக் கற்றுத்தரும் புள்ளி அதுவாகவே இருக்கலாம்."

பெற்றோரே, உங்கள் பிள்ளை அழகிய நேர்கோட்டைக் காட்டி மகிழும்போது நீங்களும் மகிழுங்கள். பின்னர், "எந்தப் புள்ளியை விட்டுவிட்டாய், ஏன்?" என்று அன்போடு கேளுங்கள். மதிப்பெண் ஒன்றிரண்டு குறையலாம்; கண்டதைக் கண்டவாறு எழுதும் பழக்கம் அவன் கையில் நிலைக்கும்.