தலைக்கு ஒரு பேட்டரி!

ஒரு 9 வோல்ட் பேட்டரி, ரெண்டு ஒயர், உப்புத் தண்ணியில நனைச்ச ரெண்டு ஸ்பாஞ்ச் துண்டு. இதையெல்லாம் நெத்தியில கட்டிக்கிட்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தா, நீங்க விழுந்து விழுந்து சிரிச்சிருப்பீங்க. எனக்குச் சிரிப்பு வரலை. விடிஞ்சா எம்-3 அரியர். அதுவும் மூணாவது தடவை!

ஐடியா ரூம்மேட்டோடது. ஏதோ வீடியோ பார்த்து, அவனே சால்டர் வெச்சு ரெடி பண்ணினான். 'லேசான கரன்ட்தான் மச்சி. மூளை பிச்சுக்கிட்டு ஓடும் பாரு!' ஸ்விட்ச் போட்டதும் எறும்பு ஊர்ற மாதிரி குறுகுறுப்பு. பத்து நிமிஷத்துல சுரீர்னு ஒரு எரிச்சல். பிடுங்கி வீசினேன். ஸ்பாஞ்ச் காய்ஞ்ச இடத்துல ஒரு கொப்புளம். பரீட்சை? ஊத்திக்கிச்சு.

ஊருக்குப் போனப்ப, 'நெத்தியில என்னடா?'ன்னு அம்மா கேட்டாங்க. 'கேரம் ஸ்ட்ரைக்கர் பட்டுச்சும்மா'ன்னு புளுகினேன். பரீட்சையில ஊத்தினதைவிட அந்தப் பொய்தான் உறுத்திச்சு. அப்புறம்தான் உட்கார்ந்து இதைப் பத்திப் படிச்சேன்.

விஷயம் டுபாக்கூர் இல்லை பாஸ்! நம்ம மூளை எந்நேரமும் மின் அலைகளை எழுப்பிக்கிட்டே இருக்கு. ஜெர்மனியில ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-லேயே மனிதத் தலையிலிருந்து அதைப் பதிவு செய்தார். கண்ணை மூடி ரிலாக்ஸா இருந்தா, நொடிக்கு 8 முதல் 12 தடவை துடிக்கும் ஆல்ஃபா அலை தூக்கலாகும். வெளியிலிருந்து 1, 2 மில்லி ஆம்பியர் கரன்ட் கொடுத்து இந்த அலைகளை லேசாத் தட்டிவிட முடியுமான்னு லேப்ல சோதிக்கிறாங்க.

2006-ல ஜெர்மனியின் லூபெக் நகரத்துல ஒரு சோதனை. 4 நொடிக்கு 3 தடவை ஏறி இறங்கும் கரன்ட்டை மெல்லக் கொடுத்தாங்க. மூளையின் மெதுவான அலைகள் கூடின. முந்தின நாள் படிச்ச வார்த்தைகள் காலையில கூடுதலா ஞாபகம் இருந்தது. யாருக்குக் கொடுத்தாங்க தெரியுமா? ஆழ்ந்து தூங்கிக்கிட்டிருந்தவங்களுக்கு! பிறகு வேற சிலர் செய்தப்ப அந்தப் பலன் எல்லா இடத்திலும் கிடைக்கலை என்பது வேற கதை.

2013-ல வெளிவந்த இன்னொரு ஆய்வு என்னை உலுக்கிடுச்சு. மூளையில ஒரு இடத்தைத் தூண்டினா புதுசா கத்துக்கிறது வேகமாச்சு. ஆனா, கத்துக்கிட்டது சரளமா வர்றது குறைஞ்சது. அதாவது, ஒரு பக்கம் ஏத்தினா மறுபக்கம் இறங்கலாம். லேப்ல இதை அளந்து பார்க்க ஆள் இருக்காங்க. ஹாஸ்டல் ரூம்ல யார் இருக்கா?

அடுத்த தடவை ஒரு மாசம் ஒழுங்கா கணக்குப் போட்டேன். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கே தூங்கிட்டேன். 54 மார்க்! அந்த மெதுவான அலைகள் ஆழ்ந்த தூக்கத்துல தானாவே வரும் ஃப்ரெண்ட்ஸ். பேட்டரி வேணாம், கொப்புளம் வராது, அம்மாகிட்ட புளுகவும் வேணாம்.