எங்கே போச்சு 5 மைல்?

நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கிறார் அவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு வருடமாகவே படகு மேல் அவருக்குச் சந்தேகம். டீசல் முன்பைவிட அதிகம் குடிக்கிறது. கூடப் புறப்பட்ட படகுகள் முந்திக்கொண்டு போய்விடுகின்றன. ‘இன்ஜின் ஓஞ்சு போச்சு, மாத்திடுங்க’ என்றார்கள் கரையில். மனைவியின் வளையல்களை வங்கியில் வைத்துப் பணம் புரட்டுவதாக வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. அந்த நேரத்தில்தான் அக்கா மகன் லீவில் வந்தான். சரக்குக் கப்பலில் இன்ஜினீயர்.

“மாமா, ஸ்லிப் எவ்வளவுன்னு பார்த்தீங்களா?”

“என்னடா அது?”

மரத்தில் ஸ்க்ரூவைத் திருகினால் ஒரு சுற்றுக்கு ஒரு மரை அளவு அப்படியே உள்ளே இறங்கும். புரொப்பல்லரும் அதே மாதிரிதான், ஆனால் தண்ணீர் மரம் இல்லையே! நழுவும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டுமோ, அதில் குறைகிற பங்குதான் ஸ்லிப். கப்பலில் தினமும் மதியம் இந்தக் கணக்கைப் போட்டு எழுதி வைப்பார்கள்.

மறுநாள் கடலுக்குப் போய் அளந்தார்கள். ஷாஃப்ட்டில் பளபளக்கும் டேப் ஒட்டி, டாக்கோமீட்டரைக் காட்டினான் மருமகன். இன்ஜின் 1800 சுற்று ஓடும்போது, கியர்பாக்ஸ் தாண்டி புரொப்பல்லர் நிமிடத்துக்கு 600 சுற்று. அதன் பிட்ச் 24 அங்குலம் என்று குடத்திலேயே பொறித்திருந்தது. சுற்றுக்கு 2 அடி. அப்படியானால் மணிக்கு 72,000 அடி. அதாவது கிட்டத்தட்ட 11.8 கடல் மைல் போக வேண்டும். ஜிபிஎஸ்ஸில் பார்த்தால் போகும்போது 7.3, அதே வழியில் திரும்பும்போது 6.5. நீரோட்டம் ஒரு பக்கம் தள்ளிவிடும் என்பதால் இப்படி இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். சராசரி 6.9.

“அஞ்சு மைல் எங்கடா போச்சு?”

ஸ்லிப் 42 சதவீதம்! “இன்ஜின் சுத்த வேண்டியதைச் சுத்துது மாமா. கோளாறு தண்ணிக்கு அடியில இருக்கு” என்றான்.

ஏப்ரல் 15-ல் 61 நாள் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றினார்கள். அடிப்பாகம் முழுக்க சிப்பியும் பாசியும். புரொப்பல்லரின் ஓர் இலை நுனியில் வளைந்திருந்தது. எப்போதோ கயிறு சிக்கியபோது நடந்திருக்கலாம். சுரண்டி, பெயின்ட் அடித்து, இலையை நிமிர்த்தி பேலன்ஸ் பார்த்தார்கள். ஜூனில் மறுபடி அளந்தபோது அதே 1800 சுற்றில் சராசரி 8.3. ஸ்லிப் 30 சதவீதம்.

மாமாவுக்கு முழுத் திருப்தி இல்லை. “மிச்சம் முப்பதையும் நிறுத்த முடியாதா?”

“முழுசா நிறுத்தினா படகே நகராது மாமா. தண்ணியப் பின்னால தள்ளினாத்தான் நாம முன்னால போவோம்.”

வளையல்கள் வங்கிக்குப் போகவில்லை. வீல்ஹவுஸ் பலகையில் தேதி போட்டு 1800, 8.3 என்று எழுதி வைத்திருக்கிறார் அவர். தீபாவளி கழிந்து மறுபடி அளப்பாராம்.