என் ஒன்பது மார்க்

“நோட்டை மாத்துங்க!” – ஸ்கூலில் நாம் எல்லோரும் கேட்ட வார்த்தைதான் நண்பர்களே! பக்கத்துப் பெஞ்சுக்காரன் நோட்டில் டிக் போடும்போது நாமும் வாத்தியார் என்று நெஞ்சு கொஞ்சம் நிமிரும். பாலிடெக்னிக் வந்ததும் அந்தப் பதவி போச்சு. மார்க் என்பது ஸ்டாஃப் ரூமில் பிறந்து நோட்டீஸ் போர்டில் தொங்கும் சமாச்சாரம் ஆகிவிட்டது.

மூன்றாவது செமஸ்டரில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எடுத்த சார், முதல் நாளே ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். ‘பிளிக்கர்ஸ்’ என்று பெயர். அட்டையில் கறுப்புக் கட்டங்கள். நாலு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் நம் விடை. சார் தன் செல்போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் எத்தனை பேர் எதைச் சொன்னோம் என்று சுவரில் படமாக வந்துவிடும். நமக்குப் போனே வேண்டாம். ஒவ்வொரு அட்டைக்கும் கட்டம் வேறு, எழுத்தோ பொடிசு. எட்டிப் பார்த்தும் பிரயோஜனமில்லை. (பார்த்தேன்!)

ஒருநாள் கேள்வி: நாலு மீட்டர் பீமின் நடுவில் 40 கிலோ நியூட்டன் பாரம். அதையே பீம் முழுக்கச் சமமாகப் பரப்பினால் அதிகபட்ச பெண்டிங் மொமன்ட் என்னவாகும்? பாரம் அதேதானே, ‘மாறாது’ என்று பாதி வகுப்புக்கு மேல் அட்டையைத் தூக்கினோம். சார் விடை சொல்லவில்லை. “பக்கத்துல பேசிட்டு மறுபடி தூக்குங்க” என்றார். ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991-ல் தொடங்கிய முறையாம் இது.

என் பக்கத்தில் குற்றாலத்து நண்பன். சாரல் விழுந்தால் அவனை வகுப்பில் பார்க்க முடியாது. அருவிக்குப் போகிற வழியில் அவர்கள் பழக்கடை. “ஏலே, பலாப்பழத்தைப் பலகை நடுவுல வச்சா வளையும். அதே எடைக்கு மங்குஸ்தானைப் பரப்பி வச்சா அம்புட்டு வளையாதுல்லா?” என்றான். கணக்குப் போட்டேன். 40 அல்ல, 20. சரிபாதி!

அடுத்துதான் வம்பு. யூனிட் டெஸ்ட் தாள்களைப் பெயரை மறைத்து, நம்பர் மட்டும் போட்டு கம்ப்யூட்டர் லேபில் கொடுத்தார் சார். கூகுள் ஃபார்மில் தன் தாளுக்கு ஒரு மார்க், இன்னொருவர் தாளுக்கு ஒரு மார்க் போட வேண்டும். ஃபார்முலாவுக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று விவரமும் உண்டு. எனக்கு வந்த தாளின் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவனேதான்! ஷியர் ஃபோர்ஸ் படம் தப்பு, யூனிட்டே இல்லை. சீசனில் லீவு போட்டு இன்டர்னலில் அடி வாங்கினவன் பாவம் என்று பத்துக்கு ஒன்பது போட்டேன்.

மறுநாள் சுவரில் மூன்று வரிசை. அந்த நம்பருக்கு நேரே என் மார்க் 9. சாருடையது 5. அவன் தனக்குத்தானே போட்டுக்கொண்டது 4!

சார் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நம்பருக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவன்தான் பேச்சை எடுத்தான். “ஏம்ல ஒம்பது போட்ட?”

“உனக்கு உதவுமேன்னுதான்...”

“நான் வராத நாள்ல என்ன நடத்துனாங்கன்னு எனக்குத் தெரியாது. எங்க தப்புன்னு எழுதிருந்தா கடையில உக்காந்தாவது பாத்திருப்பேன். நீ ‘குட்’னு எழுதி வச்சிருக்க.”

குற்றாலம் பஸ் வந்தது. நானும் ஏறினேன். அன்று ராத்திரி கடையில் கூட்டம் குறைந்த பிறகு, பழைய பில்லின் பின்பக்கத்தில் ஷியர் ஃபோர்ஸ் படத்தை முதலிலிருந்து போட ஆரம்பித்தோம். இரண்டாவது கணக்கில் நானும் தப்பு விட்டிருந்தேன்.