பதிவாகாத இசைத்தட்டு

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கேட்கத் தந்தார். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த அதன் பெயர் ‘ஃபிளக்சாலஜி’. ‘ஃபிளக்ஸ்’ என்று நண்பர்களால் அழைக்கப்பெற்ற ஜெரி டக்ளஸ் என்னும் இளைஞரின் முதல் இசைத்தட்டு அது. ஒலி எழுந்த சில கணங்களில் நான் என் அறையில் இல்லை. பசறைக்கு அப்பாலுள்ள எங்கள் தோட்டத்தில், லயத்து வாசற்படியில், சித்தப்பாவின் அருகில் அமர்ந்திருந்தேன்.

டக்ளஸ் மீட்டுவது ‘டொப்ரோ’ என்னும் ஒருவகைக் கிற்றார். அதனை மடியிற் கிடத்தி, உருக்குத் துண்டொன்றை நரம்புகளின்மேல் வழுக்கி இசைப்பர். கருங்காலிக் கட்டையால் வழுக்கி மீட்டும் கோட்டுவாத்தியத்தை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. ஒலிபெருக்கிகள் பரவாத 1920களில், கூட்டிசைக்கு நடுவே கிற்றாரின் ஒலி அமுங்கிவிடாதிருக்க, சிலோவாக்கியாவிலிருந்து குடிபெயர்ந்த ஜோன் டொப்பியேரா அதன் வயிற்றில் அலுமினியக் கூம்புகளைப் பொருத்தினார். 1928 இல் அச்சகோதரர்கள் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே டொப்ரோ. அவர்தம் தாய்மொழியில் அச்சொல்லுக்கு ‘நல்லது’ என்று பொருள். டக்ளஸின் தந்தையோ மேற்கு வர்ஜீனிய மலைகளிலிருந்து ஒஹாயோ மாநிலத்து உருக்காலைக்குப் பிழைக்க வந்த தொழிலாளி. வேலை ஓய்ந்த நேரங்களில் புளூகிராஸ் என்னும் மலைநாட்டிசையை வாசித்தவர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்களின் கைகளில் வளர்ந்த வாத்தியம் இது.

என் சித்தப்பாவும் தொழிலாளிதான். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். பதுளைக் கடைத்தெருவின் தேநீர்க்கடை வானொலியில், ஹவாயன் கிற்றாரில் இசைத்த திரைப்படப் பாடல்களைக் கேட்டே கற்றார். பழைய கிற்றார் ஒன்றின் நரம்புகளை உயர்த்திக் கட்டி, தொழிற்சாலையில் கழித்த உருக்குக் குழாய்த் துண்டைத் தேய்த்து வழுவழுப்பாக்கிக்கொண்டார். திரைப்பாடல்கள் முடிந்தபின், கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடும் மெட்டொன்றை வாசிப்பார். நமுணுகுல மலையில் மூடுபனி இறங்கும் மாலைகளில் அடுத்த லயத்தாரும் வந்து நின்று கேட்பர்.

ஒருமுறை பட்டணத்திலிருந்து வந்த உறவினர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திருந்தார்.

“வாசிங்கண்ணே, பிடிச்சு வைப்போம்.”

“இப்ப என்னத்துக்கு? அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம்.”

அடுத்த தீபாவளிக்குச் சித்தப்பா இங்கில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் குடும்பத்தை இரண்டாக வகுத்திருந்தது. 1978 இல் அவருக்குப் பயணச்சீட்டு வந்தது. வழிச்செலவுக்காகக் கிற்றாரை விற்றார். பதுளைப் புகையிரத நிலையத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதபோது, அந்த உருக்குத் துண்டை என் கையில் வைத்து மூடினார். தலைமன்னார் வழியே கப்பலேறியவர், நீலகிரியில் மீண்டும் ஒரு தேயிலைத் தோட்டத்திலேயே வேலை செய்து மறைந்தார். வேறொரு கிற்றாரை அவர் வாங்கவேயில்லை.

டக்ளஸுக்கு ஒப்பானவர் என் சித்தப்பா என்று நான் வாதாட வரவில்லை. டக்ளஸ் மேதை, சித்தப்பா கேள்வி ஞானத்தால் வாசித்தவர். ஆயினும், அந்த மேதை வேரூன்ற ஒரு மண் இருந்தது. அமெரிக்க மலைமக்களின் பாடல்களை 1927 ஆம் ஆண்டிலேயே பிரிஸ்டல் நகரில் இசைத்தட்டுக்காரர் பதிவுசெய்துவிட்டனர். எங்கள் மலைமக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்து நூலாக்கினார். அப்பெருமகனுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஏட்டில் சொல் நிற்கும்; பாடுவோர் குரலின் நெளிவு நிற்காது. 1995 இல் அதே டக்ளஸையும் இந்தியாவின் விஸ்வ மோகன் பட்டையும் ஒன்றாக அமர்த்தி இசைத்தட்டாக்கியவர் இலங்கையிற் பிறந்த கவி அலெக்சாண்டர் என்று அறிந்தபோது பெருமிதம் கொண்டேன். கூடவே வெட்கமும் வந்தது. கேட்கத் தெரிந்த செவி நம் நாட்டிலும் பிறந்திருக்கிறது. என் வீட்டு வாசலில் எழுந்த இசையை நான்தான் காக்கத் தவறினேன்.

இப்போது ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் உண்டு. ‘அடுத்த தீபாவளி’ என்னும் சாக்கு நமக்கில்லை. சென்ற விடுமுறையில், எண்பது கடந்த என் தாயாரின் முன் கைத்தொலைபேசியை வைத்து, சித்தப்பா வாசித்த கொழுந்து மெட்டைப் பாடச் சொன்னேன். பாதியே நினைவில் வந்தது. மீதியை அவர் தேடிக்கொண்டிருந்த மௌனத்தையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.