முகச்சவரமும் மூன்று றேசர்களும்

ஆடவர் தம் வாழ்நாளில் முகச்சவரத்துக்குச் செலவிடும் நேரத்தை எவரேனும் கணக்கிட்டுப் பார்த்ததுண்டா? நாளொன்றுக்குப் பத்து நிமிடம் என்று கொள்வோம். ஐம்பது ஆண்டுகளில் அது மூவாயிரம் மணி நேரத்தைக் கடக்கிறது. இரவு பகலாக இடைவிடாது கண்ணாடி முன் நின்றால் ஏறக்குறைய நான்கு மாதங்கள்! பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு இத்தகைய வீண் கணக்குகளில் ஒரு மோகம் உண்டு. நான்கு மாதம் எம்மோடு உறவாடும் ஒரு கருவியைப் பற்றி ஒரு ஞாயிறு காலையில் நான்கு வார்த்தை பேசுவது மிகையாகாது என்று எண்ணுகிறேன்.

பழைய நாளில் இந்த வேலைக்கு நாவிதரின் கத்தியையே நம்பியிருந்தனர். கையில் நடுக்கமில்லாதவனே அக்கத்தியைத் தன் கழுத்தில் தானே வைக்கத் துணிவான். அமெரிக்கரான கிங் காம்ப் ஜில்லெட் என்பவர், தேய்ந்தால் எறிந்துவிடத் தக்க மெல்லிய பிளேடு ஒன்றை இரு தகடுகளுக்கிடையே இறுக்கி வைக்கும் யோசனையைக் கண்டார். அவ்வளவு மெல்லிய உருக்கைக் கூர்மையாக்க முடியாது என்று பலர் கைவிரித்தபோது, வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியியலாளர் அதற்கு வழி செய்து கொடுத்தார். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விலைபோனவை 51 றேசர்களும் 168 பிளேடுகளுமே என்பர். முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இலட்சக்கணக்கில் வழங்கப்பட்ட பின்னர், தன் முகத்தைத் தானே மழிப்பது உலகெங்கும் வழக்கமாயிற்று.

இந்தக் கருவியில் ஒரு குறை இருந்தது. பிளேடின் விளிம்புக்கும் அதன் கீழுள்ள காப்புச் சட்டத்துக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அது குறுகலாயிருந்தால் சவரம் மென்மையாயிருக்கும். ஆனால் தடித்த உரோமம் முழுதாக அகலாது. அகலமாயிருந்தால் உரோமம் நன்றாய் அறுபடும்; கூடவே தோலும் அறுபடலாம். தொழிற்சாலையில் எவனோ ஒருவன் தீர்மானித்த இடைவெளியை எல்லா முகங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஜில்லெட் நிறுவனம் 1958ஆம் ஆண்டில், கழுத்தில் 1 முதல் 9 வரை எண்கள் பொறித்த ஒரு வளையத்தோடு புதிய றேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வளையத்தைத் திருப்பினால் இடைவெளி கூடும், குறையும். ஒன்றிலிருந்து ஒன்பது வரையான முழுப் பயணமும் ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். பிளேடின் தடிப்போ மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. இச்சிறு அளவுக்குள் முகத்தின் சுகதுக்கம் முழுவதும் அடங்கியிருப்பது வியப்பன்றோ?

எங்கள் வீட்டில் இவ்வகை றேசர்கள் மூன்று உள்ளன. மூத்தது என் தந்தையாருடையது. அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எழுதுவினைஞராகப் பணிபுரிந்த காலத்தில், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய விரிவுரையாளர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. முதலில் வந்த தடித்த மாதிரிக்குப் பின் வெளியான மெலிந்த மாதிரி இது. தலையின் அடிப்பக்கத்தை உற்று நோக்கினால் ஆங்கில எட்டாம் எழுத்தும் 2 என்னும் எண்ணும் தெரியும். 1962ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் செய்யப்பட்டது என்பதே அக்குறியின் பொருள். கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருகினால் தலையின் இரு கதவுகளும் வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரியும். பிளேடை வைத்து மறுபக்கம் திருகினால் மூடிக்கொள்ளும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கதவுகள் ஒரு மயிரிழையும் விலகாமல் பொருந்துகின்றன.

அவ்வருடத்திலேயேதான் இங்கிலாந்தில் வாள் செய்து பெயர்பெற்ற வில்கின்சன் கம்பனியார் துருப்பிடிக்காத உருக்குப் பிளேடை விற்பனைக்கு விட்டனர். அதற்கு முந்திய பிளேடுகள் ஈரம் பட்டால் துருவேறிவிடும். இரண்டு மூன்று சவரத்தோடு அவற்றின் ஆயுள் முடியும். நல்ல றேசரும் நல்ல பிளேடும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தது அப்பாவின் அதிர்ஷ்டம். ஆனால் 1970 முதல் 1977 வரை, இலங்கையில் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகளில், ஒரு பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் வைத்து விரலால் முன்னும் பின்னும் தேய்த்துத் தேய்த்து வாரக்கணக்கில் உபயோகித்ததாக அவர் சொல்வார். பிளேடு மழுங்க மழுங்க எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றுவாராம். கடைசியில் 9இல் வந்து நிற்கும்போதுதான் புதுப் பிளேடு தேடிக் கண்டி நகரத்துக் கடைகளில் ஏறி இறங்குவது. வளையத்தின் இந்த உபயோகம் அதனைச் செய்த அமெரிக்கர்களுக்குத் தோன்றியிராது.

இரண்டாவது றேசர் ஜேர்மனியிலிருந்து வந்தது. என் தமக்கையார் குடும்பம் ஹம் நகரில் வாழ்கிறது. 2002ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தால் நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த ஊர். கத்திகளுக்குப் பேர்போன சோலிங்கன் நகரமும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே தயாராகும் மெர்க்கர் புரோகிரஸ் என்னும் றேசரை அத்தான் ஒருமுறை வந்தபோது கொண்டுவந்து தந்தார். இதில் சிறகுக் கதவுகள் இல்லை. மூடி, பிடி என இரண்டே துண்டுகள். அடிக்குமிழில் 1 முதல் 5 வரை எண்கள். அப்பாவின் றேசர் ஒவ்வோர் எண்ணிலும் ‘டிக்’ என்று நிற்கும். இதுவோ சத்தமின்றி வழுக்கிச் செல்வதால் இரண்டேகால், இரண்டரை என்று விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். மூடியை அதற்குரிய அடையாளத்தோடு பொருத்தி மாட்ட வேண்டும். பிளேடு இருபுறமும் ஒத்து நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதும் அவசியம். பொறுமையுள்ளவருக்கு உகந்த கருவி. ஏழரை மணி பேருந்தைப் பிடிக்க ஓடுபவருக்கு அவ்வளவு பொருத்தமில்லை.

மூன்றாவது, மெர்க்கர் நிறுவனத்தாரின் ஃபியூச்சர் என்னும் மாதிரியைப் பார்த்துச் சீனத்தில் வார்க்கப்பட்டது. என் சக ஆசிரியர் ஒருவர் வாங்கி, இரண்டு நாளில் பயந்து, என்னிடம் தள்ளிவிட்டார். கனம் மிகுந்தது. மூடியைக் கையால் இழுத்துக் கழற்ற வேண்டும். சவர்க்காரம் பட்ட ஈர விரலோடு அதைச் செய்வது விவேகமன்று. எண்கள் 1 முதல் 6 வரை உள்ளன. அதன் 1 அப்பாவின் றேசரில் 5க்குச் சமம் என்பது என் கன்னத்தின் தீர்ப்பு. இந்த எண்கள் ஒரு நியமத்துக்கு உட்பட்டவையல்ல என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். வெப்பமானியின் பாகை எங்கும் ஒன்றே. றேசரின் எண் அந்த றேசருக்குள் மாத்திரமே பொருள் தரும்.

மூன்றையும் ஒரு மாதம் மாறி மாறிப் பழகிப் பார்த்தேன். என் முகத்துக்குப் புரோகிரஸ் முதலிடம், அப்பாவின் ஜில்லெட் மிகச் சிறிய வித்தியாசத்தில் இரண்டாமிடம். சீனத்துக் கனவான் அலுமாரியில் ஓய்வெடுக்கிறார்.

ஆயினும் றேசரைக் காட்டிலும் நீரே பெரிது என்பது இம்மாதத்தில் எனக்குத் தெளிவாயிற்று. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் குழாயில் வருவது சுத்திகரித்த மகாவலி நீர். சவர்க்காரத்தைத் தூரிகையால் நான்கு சுற்றுச் சுற்றினால் தயிர்போல் நுரை திரளும். மனைவியின் ஊரான யாழ்ப்பாணத்துக்குச் சென்றால் அதே சவர்க்காரம், அதே தூரிகை, கிணற்று நீரில் திரிதிரியாகப் பிரிந்து நிற்கும். சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வந்த வன்னீர் அது. அங்கே நான் ஓர் எண் குறைத்தே மழிப்பேன். வெதுவெதுப்பான நீரை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் பிடித்து உரோமத்தை ஊறவைப்பவனுக்கு எந்த றேசரும் நண்பன். மார்கழிப் பனியில் நடுங்கிக்கொண்டு குளிர்நீரை வாரித் தெளித்துவிட்டு மழிக்கத் தொடங்குபவனுக்கு உலகின் சிறந்த றேசரும் பகைவன்தான்.

வளையத்தின் அருமை முழுதாகத் தெரிவது கந்தசஷ்டி முடிந்த மறுநாள். ஆறு நாள் விரதத்தில் நான் சவரம் செய்வதில்லை. தாடி உரோமம் நாளொன்றுக்கு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வளரும். ஆறு நாளில் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல்! குறுகிய இடைவெளியில் அது புகுந்து அடைத்துக்கொள்ள, றேசர் உழாத ஏர்போல் வழுக்கும். எனவே முதல் தடவை அகலத் திறந்து மேலிருந்து கீழாக இழுத்து, பெரும்பகுதி அகன்றபின் எண்ணைக் குறைத்து இரண்டாம் தடவை மழிப்பதே முறை. வளையம் இல்லாத றேசரில் இதற்கு வழியில்லை.

இவ்வளவும் என் முகத்தைப் பற்றியது. கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் நாள்தோறும் மழிக்கும் முகங்கள் இரண்டு.

அப்பாவுக்கு எண்பது கடந்துவிட்டது. கைகளில் நடுக்கம். இருதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்கிறார். ஆதலால் சிறு கீறலிலும் குருதி எளிதில் நிற்காது. வைத்தியர் மின்சார றேசரே நல்லதென்றார். வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் உபயோகித்துவிட்டு, “இது புல் வெட்டுகிற மெசின்” என்று மேசையில் வைத்துவிட்டார். முகம் மழிக்காமல் முற்றத்துக்கும் வரமாட்டார், வந்தவரைக் காணமாட்டார். தாடி வளர வளர அவர் அறைக்குள் ஒடுங்கிப் போவதைக் கண்டு, வைத்தியரிடம் மீண்டும் பேசி, அவர் சொன்ன எச்சரிக்கைகளோடு அவரது பழைய றேசரை நானே கையில் எடுத்தேன்.

முதியவர் முகம் மழிப்பது தனி வித்தை. தோல் தளர்ந்து மடிந்திருக்கும். இடக்கை விரலால் மெல்ல இழுத்துப் பிடித்தே கத்தியை வைக்க வேண்டும். உரோமம் வளரும் போக்கிலேயே செல்ல வேண்டும். எதிர்த்திசை கூடவே கூடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாயை முதலில் முகத்தில் போர்த்துவேன். அப்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். வளையம் 2இல் நிற்கும். றேசரின் சொந்தக் கனமே போதும், கை அழுத்தக்கூடாது. மேலுதட்டுக்கு வரும்போது அவராகவே உதட்டை உள்ளே மடித்துக் கொடுப்பார். எழுபது வருடத்துப் பழக்கம். நடுக்கம் கைகளை எடுத்துக்கொண்டது. இந்த அசைவை எடுக்கவில்லை.

நாங்கள் முன்பெல்லாம் அதிகம் பேசிக்கொள்பவர்களல்லர். என் தலைமுறையினருக்கு இது புதிதன்று. தந்தையின் முகத்தை ஒரு சாண் தூரத்திலிருந்து பார்ப்பது குழந்தைப் பருவத்தோடு முடிந்துபோகிற காரியம். இடத் தாடைக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருப்பதை நாற்பது வயதுக்குப் பின்னரே கண்டேன். கேட்டபோது, சிறுவயதில் மாமரத்திலிருந்து விழுந்த கதையைச் சொன்னார். அன்றைய சவரத்துக்கு அரைமணி நேரம் பிடித்தது.

என் மகனுக்குப் பதினேழு வயது. உயர்தர வகுப்பு. மேலுதட்டில் கறுப்புக் கோடு விழுந்த நாள்முதல், ஐந்து பிளேடுகள் அடுக்கிய பிளாஸ்ரிக் றேசர்தான் வேண்டுமென்கிறான். அதன் ஒரு தலையின் விலைக்கு எங்கள் பிளேடு ஒரு பெட்டி வாங்கலாமே என்றால், கஞ்சத்தனம் என்று தாயிடம் முறையிடுகிறான். அடிக்கடி மழித்தால் மீசை தடித்து வளரும் என்பது அவன் நண்பர்களின் சித்தாந்தம். மில்ட்ரெட் ட்ரோட்டர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1928ஆம் ஆண்டிலேயே அளந்து பார்த்து, மழிப்பதால் உரோமம் தடிப்பதோ விரைந்து வளர்வதோ இல்லை என்று காட்டிவிட்டார். அறுபட்ட நுனி மழுங்கி நிற்பதால் தடித்ததுபோல் தோன்றுகிறது, அவ்வளவே. மகன் இதனைக் கேட்டுச் சிறிது வருந்தினான்.

ஒன்றை மாத்திரம் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்: ஒருவர் பிளேடை மற்றொருவர் தொடலாகாது, றேசரையும் இரவல் வாங்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே ஈரல் அழற்சி நோய்க் கிருமிகள் பரவக்கூடும். சலூனுக்குப் போனாலும் புதுப் பிளேடைக் கண்முன்னே உடைத்து மாட்டுகிறார்களா என்று பார்க்கவேண்டும். விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் இதனை மனதில் இருத்துவது நன்று. ஆகவே அப்பாவின் றேசர் அப்பாவுக்கு மட்டும். மகனுக்குப் புரோகிரஸ் போன்று ஒன்றை அத்தானிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சென்ற தடவை பரீட்சை விடைத்தாள் திருத்துவதற்காகப் பத்து நாட்கள் நான் கொழும்பில் தங்க நேர்ந்தது. அப்பாவின் முகத்தை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தபோது, மகன் தானே முன்வந்தான். இரண்டு காலைகள் அருகில் நின்று என் கையைக் கவனித்தான். மூன்றாம் காலை அவன் மழிக்க நான் நின்றேன். துவாயைப் பிழியும் விதமும், தோலை இழுக்கும் விதமும் பிடிபட்டன. குருதி கசிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கவும், நிற்காவிடில் வைத்தியரை அழைக்கவும் சொல்லி, தொலைபேசி இலக்கத்தைக் கண்ணாடியில் ஒட்டினேன். வளையத்தை 2இல் வைத்து, இதனைத் தொடாதே என்று கூறிப் புறப்பட்டேன்.

நான்காம் நாள் காலை விடைத்தாள் கட்டை அவிழ்க்கும் நேரத்தில் அவன் அழைத்தான். குரலைக் கேட்டதும் என் நெஞ்சு திக்கென்றது.

“அப்பா, ஒண்டுமில்லை. அப்பப்பா நல்லாயிருக்கிறார். நேற்று வெள்ளிக்கிழமை எண்டு மழிக்கேல்லை. இண்டைக்கு இரண்டிலை சரியா வருகுதில்லையாம். மூண்டிலை வைக்கச் சொல்லுறார். வைக்கட்டோ?”

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது: “அவனை ஏன் கேக்கிறாய்? முகம் என்ரை முகம்!”

வைக்கச் சொன்னேன்.