ஒடிந்த கரத்தின் பூர்வீகம்

முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் கரம் ஒன்று ஒடிந்து போயிருந்தது. வண்டியின் மற்ற அங்கங்கள் யாவும், நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தூசியையும் துருவையும் சுமந்திருந்த போதிலும், கழுவித் துடைத்து எண்ணெய் இட்டால் உயிர் பெற்றுவிடும் என்ற நம்பிக்கையை அளித்தன. சுண்டு விரல் அளவே உள்ள அந்த ஒரு துண்டு மட்டும் நம்பிக்கைக்கு இடமின்றிக் கிடந்தது. ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்துத் தாமியா கம்பெனியார் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’ என்னும் ரிமோட் பக்கி வண்டி அது. அசலின் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் உத்தியோகம் பார்த்த என் சித்தப்பா ஊருக்கு வந்தபோது வாங்கி வந்தார். அவர் காலஞ்சென்ற பின், பெட்டியோடு அது என்னிடம் வந்து சேர்ந்தது.

ஒடிந்த முகப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உடைத்த கற்கண்டின் பக்கம் போல அது மணி மணியாக இருந்தது. நடுவே ஊசி நுனி அளவில் இரண்டொரு குழிகள். உருகிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் டை காஸ்டிங் முறையில், உள்ளே இருந்த காற்று முழுவதும் வெளியேற அவகாசமில்லாமல் அங்கேயே சிறைப்பட்டுப் போவதுண்டு. அதன் தடயமே அக்குழிகள். அச்சின் இரு பாதிகளும் கூடிய ரேகை ஒரு பக்கத்தில் மெல்லியதாக ஓடியது. இறுகிய வார்ப்பை வெளியே தள்ளிய ஊசிகளின் வட்டத் தழும்பு மறுபக்கத்தில் தெரிந்தது. முறிவு தொடங்கிய இடமோ, அச்சாணி நுழையும் தடித்த கண்ணும் மெலிந்த தண்டும் ஒன்றுசேரும் உள்மூலை. விசை வந்து குவிவதும், வார்ப்பில் குழி விழுவதும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டால், அவ்வுறுப்பின் ஆயுள் அங்கேதான் முடியும்.

கோயம்புத்தூர் கணபதியில் எனக்குப் பரிச்சயமான லேத் பட்டறை ஒன்று உண்டு. அதன் சொந்தக்காரர், வயதில் என்னிலும் மூத்தவர், துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, “அப்படியே செஞ்சு தரச் சொன்னா செஞ்சு தந்துடலாம் தம்பி. ஆனா, ஓட்டை ரெண்டும் தேஞ்சு நீளவாக்கா போயிருக்குதே, எந்த சென்டரைப் புடிக்கிறதுங்க? அதுவுமில்லாம, இத்தனூண்டு சக்கரத்துக்கு மேல ஒரு ஆர்மு, கீழ ஒரு ஆர்மு, எதுக்குங்க ரெண்டு?” என்று கேட்டார்.

“தெரியலீங்கண்ணா, பார்த்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். கம்பெனியார் அதே வண்டியை 2010-இல் மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்கள். அதன் பாகங்களை விலை கொடுத்து வாங்கி மாட்டியிருக்கலாம். ஆயினும், அவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் அந்த வண்டியைச் செப்பனிட எனக்கு மனம் ஒப்பவில்லை. உருவத்தைப் பார்த்து உருவம் செய்வது நகல்; உருவம் ஏன் அப்படி வந்தது என்று அறிந்து செய்வதே வேலை என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஷிஸுவோகாவிலிருந்து தொடங்கினேன். ஜப்பானை அந்நாளில் ஆண்ட தோகுகாவா பரம்பரையினர் சென்கென் ஆலயத்தைக் கட்டுவித்த காலத்தில் தருவிக்கப்பட்ட தச்சர்களும் சிற்பிகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்றும், அதனாலேயே அந்நகரம் மரவேலைக்குப் பேர் போயிற்று என்றும் சொல்வார்கள். அந்த ஊரில் யோஷியோ தாமியா என்பவர் 1946-இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கியதுதான் இந்தக் கம்பெனி. 1951-இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பின், சில ஆண்டுகளில் மரவியாபாரத்தை அடியோடு விட்டுவிட்டு மாதிரி உருவங்கள் செய்வதையே ஜீவனமாகக் கொண்டார்கள். 1960 முதல் பிளாஸ்டிக்கில் செய்யலானார்கள். அவருடைய புதல்வர் ஷுன்சாகு தாமியா நிர்வாகத்தை நடத்திய காலத்தில், 1976-இல், அவர்களுடைய முதல் ரேடியோ வண்டியாகிய போர்ஷே 934 வெளிவந்தது. அதன் அளவுகளை எவ்வளவு பிரயத்தனப்பட்டும் திருப்தியாக அறிய முடியாமற் போகவே, அசல் போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, அதைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தார்கள் என்று அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். குழந்தைகள் விளையாடும் பொருளுக்காக விலையுயர்ந்த கார் ஒன்றைக் குடல் வேறு கால் வேறாகக் கழற்றிய இந்தச் சிரத்தையை அறிந்த பிறகு, என் கையிலிருந்த சிறு துண்டின் வளைவுகளில் எதுவும் அலங்காரத்துக்காக வைத்ததாக இராது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

சாண்ட் ஸ்கார்ச்சரையும் அதன் இரட்டைப் பிறவியாகிய ‘ரஃப் ரைட’ரையும் உருவாக்கியவர் ஃபுமிதோ தாகி என்னும் வடிவமைப்பாளர். மணலிலும் மேட்டிலும் ஓட வேண்டிய வண்டிக்கு அவர் எடுத்துக்கொண்ட மாதிரி, கலிபோர்னியாக்காரர்கள் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் மட்கார்டுகளைக் குறைத்து வெட்டி, பெரிய டயர் மாட்டி, மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்து வனாந்தரங்களில் ஓட்டிய கார்.

அந்த மோகத்துக்கு வித்திட்டவர்களில் தலையாயவர் புரூஸ் மையர்ஸ். படகு செய்யும் தொழிலில் தேர்ந்த அவர், பைபர் கிளாஸைக் கொண்டு 1964-இல் ‘மையர்ஸ் மாங்ஸ்’ என்னும் மணல் வண்டியைச் செய்தார். பிற்பாடு விற்ற வண்டிகளில், பழைய பீட்டிலின் அடித்தளத்தைப் பதினாலரை அங்குலம் குறுக்கி, அதன்மேல் பைபர் கிளாஸ் உடலைப் பொருத்தும்படி அமைத்தார். முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு பீட்டிலினுடையதாகவே இருந்தது. 1967-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவரும் டெட் மாங்கல்ஸ் என்பவரும் லா பாஸிலிருந்து டிஹுவானா வரையில், பாதை என்று சொல்லத் தகுந்த பாதை பெரும்பாலும் இல்லாத அந்தத் தீபகற்பத்தை, 34 மணி 45 நிமிஷத்தில் கடந்து, மோட்டார் சைக்கிள்காரர்கள் வைத்திருந்த சாதனையை ஐந்து மணி நேரத்துக்கு மேல் முறியடித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் நடந்த முதல் ‘மெக்ஸிகன் 1000’ பந்தயத்திலும் மாங்ஸ் வண்டியே வென்றது. பின்பக்கத்தில் எஞ்சின் இருந்தபடியால் ஓட்டும் சக்கரங்கள் மணலை அழுத்திப் பிடித்தன. காற்றினாலேயே குளிரும் எஞ்சினுக்கு ரேடியேட்டரும் தண்ணீரும் தேவைப்படவில்லை. இவ்விரண்டையும் எல்லோரும் சொல்கிறார்கள். முன்கரங்களைப் பற்றித்தான் பேசுவார் இல்லை.

ஆகவே பீட்டிலையே பார்க்க வேண்டியதாயிற்று. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் பழைய பீட்டில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, உடையவரின் அனுமதி பெற்று, ஜாக்கி வைத்துத் தூக்கிய காரின் கீழே கோணியை விரித்துப் படுத்தேன். வண்டியின் குறுக்கே, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எஃகுக் குழாய்கள். ஒவ்வொன்றின் இரு முனைகளிலிருந்தும் ஒரு கரம் புறப்பட்டுப் பின்னோக்கிச் செல்கிறது. ஒரு பக்கத்து இரண்டு கரங்களின் நுனிகளும் சேர்ந்து சக்கரத்தைத் தாங்குகின்றன. சுருள் வில்லைக் காணோம், பட்டை வில்லையும் காணோம். வில் முழுவதும் குழாய்களுக்குள்ளே மறைந்திருக்கிறது: எஃகுத் தகடுகளை அடுக்கிக் குழாயின் நடுவில் திருகாணியால் அசையாமல் பூட்டியிருக்கிறார்கள், சக்கரம் மேலே எழும்பினால் கரம் சுழன்று தகடுகளை முறுக்குகிறது, முறுக்கப்பட்ட எஃகு தன் பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதே வில்லின் வேலையைச் செய்துவிடுகிறது.

முறுக்கும் எஃகை வில்லாகக் கொள்ளும் இவ்வமைப்புக்கு, ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931-இல், ஸ்டுட்கார்ட் நகரில் தம் சொந்தக் காரியாலயத்தைத் திறந்த அதே ஆண்டில், காப்புரிமை கோரினார். 1934-இல் ஜெர்மன் கார் உற்பத்தியாளர் சங்கத்தோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் உருவான, பின்னாளில் பீட்டில் எனப்பட்ட மக்கள் காரில் அதைப் பிரயோகித்தார். அந்தக் கார் ஹிட்லர் அரசின் விருப்பத்தால் பிறந்தது என்பதையும், அதற்கென எழுப்பிய தொழிற்சாலையில் யுத்த காலத்தில் பல தேசத்து மக்களைப் பலவந்தமாக வேலை வாங்கினார்கள் என்பதையும் பூர்வீகம் தேடுகிறவன் மறைப்பது தகாது. யுத்தம் முடிந்ததும், பிரிட்டிஷ் ராணுவத்தைச் சேர்ந்த மேஜர் ஐவன் ஹிர்ஸ்ட் பொறுப்பேற்று அத்தொழிற்சாலையை மீண்டும் நடத்தியதனால்தான் உலகத்துக்குப் பீட்டில் கிடைத்தது. ஷிஸுவோகாவில் கழற்றிய போர்ஷே 911-லும் வில்லாக இருந்தவை முறுக்குத் தண்டுகளே. ஒரே குடும்பத்து யோசனை இரண்டு வழிகளில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து நேராகவும் பாஹாவின் மணலைச் சுற்றிக்கொண்டும், தாகியின் மேஜையை வந்தடைந்திருக்கிறது.

கோணியின்மேல் படுத்தவாறே, சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கச் சொல்லிப் பார்த்தபோது பட்டறைக்காரரின் கேள்விக்கு விடை கிடைத்தது. கரம் ஒன்றே ஒன்றாக இருந்து, சக்கரத்தைத் தாங்கும் துண்டு அதனோடு இறுகப் பிணைந்திருக்குமானால், கரம் சுழலும்போதெல்லாம் அதுவும் கூடவே சாயும். ஸ்டீரிங் திரும்பும் கிங் பின்னின் கோணம் ஒவ்வொரு மேட்டுக்கும் மாறி, வண்டி சொன்ன திசையில் செல்லாது. சம நீளமுள்ள இரண்டு கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக அமைந்தால், சக்கரம் எவ்வளவு எழும்பினாலும் கிங் பின் தன் நிலை பிறழாமல் நிற்கும். அதோடு, கரங்கள் பின்னோக்கி இருப்பதனால், கல்லில் மோதிய சக்கரம் அதை எதிர்த்து முட்டாமல், பின்னும் மேலுமாக ஒதுங்கிக் கொடுக்கிறது.

இது தெரிந்த பிறகு, எதை அளப்பது என்பதில் சந்தேகம் இல்லை. கரத்தின் வெளி வடிவத்தில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பாதகமில்லை. இரண்டு கண்களின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரம், மேற்கரத்திலும் கீழ்க்கரத்திலும், இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் பிசகக் கூடாது. தேய்ந்த துளையில் வெர்னியரை வைத்து அந்தத் தூரத்தைக் காண முடியாது. பட்டறைக்காரரும் நானுமாக, அதிகம் தேயாத வலப்பக்கத்துக் கரங்களில் துளைக்குச் சரியான பின்களைச் செருகி, பின்களுக்கு வெளியே அளந்து, பின்னின் குறுக்களவைக் கழித்துக் கணக்கிட்டோம். பழைய கரம் ஒன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்தால் அந்த நுட்பம் நிலைக்காது என்பதால், நான்கையும் புதிதாகவே செய்வதென்று தீர்மானித்தோம். 6061 அலுமினியத் துண்டுகளை ஜோடி ஜோடியாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பூட்டி, ஒரே அமர்வில் துளையிட்டு, அவர் ரீமர் ஓட்டினார். அளவில் இம்மி தவறியிருந்தாலும் அந்தத் தவறு இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். இணைத் தன்மைக்குக் கேடு வராது. துளைகளில் கன்மெட்டல் புஷ் அடித்தோம்; இனித் தேய வேண்டியது புஷ்ஷே, கரம் அன்று. முறிவு தொடங்கிய உள்மூலையில் உருண்டை முனை கட்டரைக் கொண்டு தாராளமான வளைவு கொடுத்து, கட்டர் விட்ட கோடுகளை அரத்தாலும் உப்புத்தாளாலும் நானே தேய்த்து எடுத்தேன். அக்கோடுகள் ஒவ்வொன்றும் நாளைய விரிசலுக்குத் தொடக்கம் ஆகக்கூடியவை.

எஃகில் செய்துவிடலாமே, ஜன்மத்துக்கும் உடையாதே என்று பட்டறையில் பலரும் யோசனை சொன்னார்கள். நான் இணங்கவில்லை. மோதலின் விசை எங்கேனும் செலவழிந்தே தீர வேண்டும். கரம் வளைந்துகொடுக்க மறுத்தால், அது கரத்தைத் தாங்கும் வார்ப்புக்கும், அதற்கப்பால் அடியிலுள்ள பைபர் பிளேட்டின் திருகுத் துளைகளுக்கும் போய்ச் சேரும். அவை கிடைத்தற்கரியவை. வார்ப்பைவிட உரமாகவும், எஃகைவிட இணக்கமாகவும் உள்ள உலோகமே இங்கே தகும்.

மோட்டாரையும், எண்ணெய் டாம்பர்களையும், ரேடியோவை நீர் புகாமல் காக்கும் ஒளி ஊடுருவும் பெட்டியையும் செப்பனிட்டதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வகை முன்கரம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1984-இல் தாமியாவே ‘கிராஸ்ஹாப்பர்’ என்னும் மலிவான வண்டியைப் பிளாஸ்டிக் தொட்டியையே அடித்தளமாகக் கொண்டு வெளியிட்டது; அதே ஆண்டில் கலிபோர்னியாவின் அசோஸியேட்டட் கம்பெனியார் கொணர்ந்த ஆர்.சி.10, பொன்னிற அலுமினியத் தொட்டியும், பக்கவாட்டில் நீளும் முக்கோணக் கரங்களுமாக வந்து, மறு வருஷம் பக்கி வண்டிகளுக்காக டெல் மாரில் நடந்த முதல் உலகப் பந்தயத்தில் ஜே ஹால்ஸியின் கையில் வாகை சூடியது. வேகம் ஒன்றையே நோக்கினால் அந்த மாறுதல் நியாயமானதே. முக்கோணக் கரம் இலேசானது, சக்கரம் எழும்பவும் இறங்கவும் அதிக இடம் தருவது. ஆனால் பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டிகளின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் பந்தயத்தின் சரித்திரம்தான் கிடைக்கும். சாண்ட் ஸ்கார்ச்சரைப் பிரித்தால் அரை நூற்றாண்டு மோட்டார் சரித்திரம் மேஜைமேல் பரவுகிறது. அதனால் என் அன்பு இதற்கே.

நொய்யல் வறண்டு மணலாகக் கிடந்த மாதத்தில், பட்டறைக்காரரும் நானுமாக அதை ஓட்டிப் பார்த்தோம். கூழாங்கற்களின்மேல் ஏறும்போது முன்சக்கரம் பின்வாங்கி எழும்பிற்று. கிங் பின் சாயவில்லை. வீட்டுக்கு வந்து கரங்களைக் கழற்றி, உள்மூலைகளில் விரிசல் காட்டும் சிவப்புத் திரவத்தைத் தடவித் துடைத்து, வெள்ளை மாவுத் திரவத்தைத் தெளித்துப் பார்த்ததில், ரேகை எதுவும் தென்படவில்லை. புஷ்களுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி பூட்டினேன். அளவுகளை வரைபடமாக எழுதி ஒரு பிரதியைப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். இதே வண்டி வைத்திருப்பவர் யார் வந்து கேட்டாலும் அந்த அளவுக்குச் செய்துகொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.